சந்திக் கடையும் கடல் கடந்த கடையும்

துவிச்சக்கரவண்டி என்று எழுதுவோம். சைக்கிள் என்று சொல்வோம். எழுத்துக்கும் பேச்சுக்கும் இத்துணைத் தூரமுள்ள பொருள் நம் நாட்டில் வேறு உண்டோ என்பது ஐயம். பொலிஸ் அறிவித்தலிலே துவிச்சக்கரவண்டி நிமிர்ந்து நிற்கும். ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டால் அது சைக்கிள். பண்டிதனாகிய யானும், காற்றுப் போன காலத்தில், 'என் துவிச்சக்கரவண்டியின் பின்சில்லில் வளி குன்றியது' என்று கடையிலே போய்ச் சொல்வதில்லை. சொன்னால், கடைக்காரர் என்னை வாங்கிலே இருத்தித் தண்ணீர் தருவார்.

இக்கட்டுரை சொல்லாராய்ச்சி அன்று. அவ்வண்டியின் உறுப்புக்களை எங்கே வாங்குவது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். பண்டிதனுக்கு இது வேண்டாத வேலை என்று சிலர் நினைத்தல் கூடும். தினமும் நாலு கட்டை தூரம் மிதித்துப் பாடசாலைக்குப் போகின்றவனுக்கு இதனினும் வேண்டிய வேலை வேறில்லை.

எங்கள் பிராசீனக் கல்லூரியின் ஆசிரியர் அறையிலே சில மாதங்களாக ஒரு வழக்கு நடக்கின்றது. வாதி, விஞ்ஞானம் படிப்பிக்கும் இளம் ஆசிரியர். அவர் கைத்தொலைபேசியைத் திறந்து, சீனத்திலோ இங்கிலாந்திலோ உள்ள ஓர் இணையக் கடையைக் காட்டுவார். அங்கே ஒரு செயின். பக்கத்திலே அதன் விலை. 'ஐயா, இதே செயினுக்குச் சந்தியிலே என்ன விலை தெரியுமா?' என்பார். பிரதிவாதி கணித ஆசிரியர். அவர் சந்திக் கடைக்குப் பிறந்த வீடு போலப் பரிந்து பேசுவார். இருவரும் விலையைப் பற்றியே பேசுகின்றனர். வழக்கின் உயிர்நிலை விலையன்று என்பது என் எண்ணம். அதனை எழுதவே புகுந்தேன்.

முதலிலே சந்திக் கடையைச் சொல்லவேண்டும். கல்லூரிக்கு அண்மையிலே, சந்தியின் வடகீழ் மூலையில், ஒரு தகரக் கொட்டகை. முன்னே ஒரு வேம்பு. வேம்பின் கொம்பில் இரண்டு கயிறுகள். அவற்றிலே எந்நேரமும் ஏதோவொரு சைக்கிள் தொங்கும். கீழே ஒரு பாதி வெட்டிய பீப்பாவில் நீர். ரியூபை அதில் அமிழ்த்தினால், ஓட்டை எங்கேயோ அங்கே குமிழி எழும். உள்ளே சுவர் நிறைய ஆணியடித்து மாட்டிய சாமான்கள். நிலத்திலே பழைய பிஸ்கற் தகரங்கள் ஏழெட்டு; அவற்றினுள்ளே உலகம் கழித்துவிட்ட இரும்புகள். அந்தத் தகரங்களைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

கடைக்காரர் எழுபதை அணுகுபவர். அண்ணை என்றே நாங்கள் அழைப்போம். பம்பைக் கடைப்படியிலே வைத்துவிட்டே இரவில் வீட்டுக்குப் போவார். விடியற்காலையில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் தாமே காற்றடித்துக்கொண்டு போவார்கள். அதற்குக் காசில்லை. பம்பை ஒருவரும் இதுவரை எடுத்துச் சென்றிலர்.

1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணம் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்குச் சைக்கிள் என்றால் என்ன என்று யான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பெற்றோல் இல்லை. மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயிற் புகைத்துக்கொண்டு ஓடின, மண்ணெண்ணெயும் அரிது. நோயாளி சைக்கிளிலே போனார். விறகும் அதிலே போயிற்று. நெல் மூடையும் அதிலே போயிற்று. பற்றரி கிடையாத காலத்திலே சைக்கிளைக் கவிழ்த்துவைத்துக் கையால் மிதியைச் சுழற்றி, டைனமோவிலே பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டோம். ஒருவர் சுழற்றப் பத்துப்பேர் கேட்பர். சுழற்றுகிறவர் களைத்துவிட்டால் செய்தி முக்கி முனகும். அக்காலத்திலே ரயர் வெடித்தால் உள்ளே பழைய ரயர்த் துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்தவர் இந்த அண்ணை. ஊரின் போக்குவரத்தை அவர் போன்ற சிலர் தாம், நூலும் ஊசியுங் கொண்டு நடத்தினர் என்றால் மிகையாகாது.

அப்படிப்பட்டவர், சென்ற ஆவணியிலே ஒருநாள், என் செயினுக்கு எண்ணெய் விட்டபடியே சொன்னார்:

'வாற தையோட கடையைப் பூட்டலாமெண்டு யோசிக்கிறன் ஐயா.'

'ஏன் அண்ணை?'

'ஒட்டுப் போடுற காசில கடை நடக்காது. சாமான் வித்தாத்தான் நடக்கும். சாமானை இப்ப பெடியள் போனில எடுக்கினம்.'

இம்மூன்று வாக்கியத்தில் ஒரு பொருளியல் நூல் அடங்கியிருக்கின்றது. சைக்கிள் கடையின் வருவாய் இரண்டு வழியில் வருவது: ஒன்று சாமான், மற்றது கைவேலை. கைவேலைக்கு நாம் கொடுப்பது சொற்பம். அரை மணித்தியாலம் குனிந்திருந்து சில்லின் நெளிவு எடுத்தவருக்கு, ஒரு தேநீரும் இரண்டு வடையும் வாங்குங் காசைக் கொடுத்துவிட்டு, அதிகம் கொடுத்தது போல முகத்தை வைத்துக்கொள்வோம். அக்குறையை நிரப்பி வந்தது சாமானின் இலாபம். அந்த இலாபம் கடல் கடந்து போய்விட்டால், கைவேலை தன் காலில் நிற்கவேண்டும். இன்று நாம் கொடுக்கும் கூலியில் அதற்குக் காலில்லை.

எங்கள் மாணவரிற் பாதிக்கு மேற்பட்டோர் சைக்கிளிலே வருபவர். கடை பூட்டப்பட்டால், அடுத்த கடை மூன்று கட்டைக்கு அப்பால். காற்றுப் போன சைக்கிளை மூன்று கட்டை உருட்டும் பிள்ளை அன்று பாடசாலைக்கு வராது. இரண்டாம் முறை உருட்ட நேர்ந்தால் வேறு யோசனைகளும் அதற்கு வரும்.

இனி என் சைக்கிளின் கதை.

என் தந்தையார் 1961ஆம் ஆண்டிலே வாங்கிய றலி சைக்கிள் என்னிடம் இருக்கின்றது. இங்கிலாந்தில் நொட்டிங்காம் நகரிலே செய்யப்பட்டது. றலி என்பது ஓர் ஆளின் பெயராலமைந்த தெருவின் பெயர். அந்தத் தெருவிலே தொடங்கிய தொழில் பின்னே உலகப் பெரும் சைக்கிள் தொழிற்சாலையாய் வளர்ந்தது. 2002ஆம் ஆண்டோடு நொட்டிங்காமில் அதன் சைக்கிள் உற்பத்தி நின்றுபோயிற்று. தாய் இறந்தபின்னும் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கின்றது.

சென்ற ஆண்டு அதன் மிதியச்சிலே ஒரு சத்தம் எழுந்தது. மிதி சுற்றுந்தோறும் 'டக்' என்றது. அண்ணை கழற்றிப் பார்த்தார். அச்சு சுழல்வது இரண்டு கப்புக்களின் நடுவே. கப்புக்குள்ளே கால் அங்குலக் குண்டுகள் உருளும். இடப்பக்கக் கப்பின் உட்புறம் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தது. 'கப் மாத்தவேணும்' என்றார். கடையிலே புதிய கப் இருந்தது. அது இதற்குச் சேராது என்றும் அவரே சொன்னார்.

கொழும்பிலிருக்கும் என் மருமகன் இதைக் கேட்டு, 'மாமா, நான் எடுத்துத் தாறன்' என்று வெளிநாட்டு இணையக் கடை ஒன்றிலே தேடினான். றலி சைக்கிளுக்குப் பொருந்தும் என்றே அங்கு எழுதியிருந்தது. படமும் அழகாயிருந்தது. பணம் போயிற்று; ஐந்து வாரத்தின் பின் பொதி வந்தது; தபாற் கந்தோரிலே வரியும் கட்டினோம். பட்டுத் துணிபோன்ற காகிதத்திற் சுற்றி, நம் வீட்டுத் தாலிப்பெட்டியிலும் பத்திரமாக அந்தக் கப் வந்துசேர்ந்தது.

அண்ணை அதை வாங்கி வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். பின்பு சட்டத்தின் வாயிலே வைத்துக் கையால் திருகினார். ஒரு சுற்று ஏறியது. இரண்டாஞ் சுற்றின் பாதியிலே நின்றது. சாவியை எடுக்கவில்லை. கழற்றி என் கையிலே தந்துவிட்டார்.

'உது ஏறாது ஐயா. இறுக்கினா சட்டத்தின்ர புரி போயிடும்.'

காரணம் யாதெனின், கூறுவேன். ஆங்கில நாட்டு முறையிற் செய்யப்படும் மிதியச்சுக் கப்புக்குப் பொதுவாக ஓர் அங்குலத்தில் 24 புரிகள். நொட்டிங்காம் றலி மாத்திரம் தனக்கென்று 26 புரி வைத்துக்கொண்டது. விட்டம் ஏறக்குறைய ஒன்றே; கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. 24க்கும் 26க்கும் இடையே இரண்டே இரண்டு. அந்த இரண்டு, ஒரு சுற்று வரையிலே உறவுகொண்டாடி இரண்டாஞ் சுற்றிலே பகை காட்டும். விற்றவருக்கு அது தெரியவில்லை. தெரிந்தும் எழுதாமல் விட்டாரோ அறியேன். திருப்பி அனுப்பலாம் என்றார்கள். அனுப்புங்கூலி கப்பின் விலையிலும் அதிகம்.

பின்பு அண்ணை பிஸ்கற் தகரமொன்றைச் சரித்தார். அரை மணித்தியாலம் துழாவினார். எங்கோ உடைந்துபோன ஒரு பழைய றலியின் வயிற்றிலிருந்து என்றோ எடுத்துவைத்த கப் ஒன்று அகப்பட்டது. மண்ணெண்ணெயிலே கழுவினார். உட்புறம் கண்ணாடி போலிருந்தது. கையாலே திருகக் கையாலே ஏறிற்று. குண்டுகளைப் புதிதாக இட்டு, கிறீஸ் வைத்து, கொட்டர் பின்னை அரத்தாலே இரண்டு முறை இழுத்துச் சரிவு பார்த்து அடித்து இறுக்கினார். கொட்டர் பின் என்பது கடையில் வாங்கியபடியே பொருந்தும் பொருளன்று. அந்தந்த அச்சுக்கு அந்தந்தக் கையே அராவ வேண்டும். எந்தக் கப்பலும் அந்த அரத்தையும் அந்தக் கையையும் கொண்டுவராது.

இவ்வளவில், சந்திக் கடைக்கே தீர்ப்பு என்று கணித ஆசிரியர் எழுந்துவிடக் கூடாது. வழக்கு இன்னும் முடியவில்லை.

சைக்கிள் உறுப்புக்களின் பெயர் விடயம் ஒன்று இங்கே சொல்லத்தக்கது. யாழ்ப்பாணத்துப் பழைய மாணாக்கர் சூடாமணி நிகண்டை நெட்டுருப் பண்ணுவர். அதிலே பதினோராந் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறுவது. சைக்கிள் ரயர்களுக்கு ஒரு நிகண்டு செய்யப் புகுந்தால், பதினோராந் தொகுதியே பெருந்தொகுதியாகும். '26 அங்குல ரயர்' என்று கேட்கின்றோம். அந்தப் பெயருக்கு உரிய ரயர்கள் ஒன்றல்ல. ரயர் றிம்மிலே அமருமிடத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்தால், 559 உடையதும் 26 அங்குலம். 571 உடையதும் 26 அங்குலம். 584, 590, 597 என்பனவும் 26 அங்குலமே. மலையேற்றச் சைக்கிளுக்குரியது 559. நம்மூர்ப் பெண்பிள்ளைகள் ஓடும் பழைய 26 அங்குலச் சைக்கிளுக்குரியது பெரும்பாலும் 590. ஒன்று மற்றொன்றில் ஏறவே ஏறாது. 28 அங்குலமும் அப்படியே: நம் பெரிய சைக்கிளுக்குரியது 635, ஐரோப்பாவிலே 28 அங்குலம் என்று இக்காலத்தில் வழங்குவது 622. இடையே 13 மில்லிமீற்றர்.

இன்னுமொரு வேடிக்கை கேளுங்கள். 1.75 என்பதும் ஒன்றே முக்கால் என்பதும் கணிதத்திலே ஒன்று. ரயரிலே ஒன்றல்ல. தசமத்திலே 26 பெருக்கல் 1.75 என்று எழுதியது 559. பின்னத்திலே 26 பெருக்கல் ஒன்றே முக்கால் என்று எழுதியது 571. இதை யான் ஆசிரியர் அறையிற் சொன்னபோது கணித ஆசிரியர் ஒருநாள் முழுதும் என்னோடு பேசவில்லை.

இக்குழப்பத்தைத் தீர்க்க ஐரோப்பியர் ஒரு முறை வகுத்திருக்கின்றனர். ரயரின் பக்கத்திலே சிறிய எழுத்தில் 40-635, 37-590 என்றாற்போல இரண்டு எண்கள் இருக்கும். முன்னது அகலம், பின்னது அமருமிடத்தின் விட்டம். இணையக் கடையிலே வாங்குபவர் பின்னெண்ணைப் பார்த்து வாங்கினால் ஏமாறார். அங்குலத்தைப் பார்த்து வாங்கினால் அது சீட்டுக் குலுக்கல். சந்திக் கடையிலே இந்தக் கவலை இல்லை. சைக்கிளை நிறுத்தினாற் போதும். சில்லைப் பார்த்துவிட்டுச் சுவரிலிருந்து இறக்குவார்.

நிற்க. மறுபக்கத்தையும் கூறுவேன்.

உயர்தர வகுப்பிலே எனக்கொரு மாணவன். தந்தையில்லாத பிள்ளை. கொடிகாமப் பக்கத்திலிருந்து வருகின்றவன். ஜப்பானிலிருந்து வந்த பழைய கியர் சைக்கிளொன்றை மாமன் ஒருவர் கொடுத்திருக்கின்றார். பின்சில்லிலே ஏழு பற்சில்லுகள். அவற்றிலே மூன்று தேய்ந்து, செயின் வழுக்கி, ஒருநாள் மிதி தவறி முழங்காலைத் தார்வீதியிலே உரைத்துக்கொண்டு வந்தான். சந்திக் கடையிலே ஏழு பற்சில்லு இல்லை. நகரத்திலே மூன்று கடையில் விசாரித்தோம். ஒன்றில் இல்லை. மற்றொன்றில், பெட்டியிலே ஒரு பெயரும் இரும்பிலே வேறொரு பெயருமாக ஒன்று இருந்தது. மூன்றாவது கடையில் நல்லது இருந்தது. விலையைக் கேட்டபின் பிள்ளை பேசாமல் வெளியே வந்துவிட்டான். விஞ்ஞான ஆசிரியர் திரையிலே காட்டிய விலை, அனுப்புங்கூலியையும் வரியையுஞ் சேர்த்தும், அதிலே பாதிக்குச் சிறிது மேல்.

அந்தக் கடைக்காரர் கொள்ளைக்காரர் அல்லர். ஏழு பற்சில்லு ஆண்டுக்கு இரண்டு விற்கும். ஆனபடியால் இரண்டை வாங்கி ஆண்டு முழுதும் தூசி தட்டிக் காக்கின்றார். அந்தத் தூசிக்கும் விலையுண்டு. கொழும்பு இறக்குமதியாளர் ஒருவர், மொத்த வியாபாரி ஒருவர், கடைக்காரர் என மூன்று கை கடந்து வருகின்றது. 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த ஒரு டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. அவ்வாண்டிலே பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற நாடு சைக்கிளைத் தேடி ஓடிற்று. சைக்கிளின் விலையும் அதன் உறுப்புக்களின் விலையும் ஏறின. சேர்பெறுமதி வரியோ 2024 தை முதலாந் தேதி தொடக்கம் 18 நூற்றுவீதமாயிற்று. இவையெல்லாம் அந்த ஏழு பற்சில்லின் மேலே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஆயினும், பிள்ளையின் முழங்காலுக்கு இந்த விளக்கம் மருந்தாகாது. அவன் கடல் கடந்து வாங்குவதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சந்திக் கடைகளின் குறைகளையும் மறைத்தல் நேர்மையன்று. 'இதுதான் இருக்கு' என்பது அவற்றின் மூலமந்திரம். மூன்று மாதத்திலே பொருத்து விட்டுப்போகும் ரியூப், மழையிலே பிடிக்காத பிறேக் கட்டை, ஒரு மாரியிலே துருப்பிடிக்குங் கம்பி ஆகியவற்றை இருக்கின்ற ஒன்றென்று தலையிலே கட்டும் கடைகளும் உள. அவற்றைத் தேசாபிமானத்தின் பேராலே வாங்கச் சொல்பவர் முதலில் தம் பிள்ளையின் சைக்கிளிலே அவற்றைப் பூட்டட்டும்.

இனி, கடல் கடந்த கடையென்று சொல்கின்றோமே, அது எங்கே பிறந்தது? பெரும்பான்மையோர் அதனை ஆகாயத்திலிருந்து இறங்கியதாகவே நினைக்கின்றனர். வட அயர்லாந்திலே அந்திரிம் என்றொரு மாகாணம். அதிலே பலினூர் என்றொரு சிற்றூர். அங்கே 1984ஆம் ஆண்டிலே ஒரு கணவனும் மனைவியும் ஒரு சைக்கிள் கடை வைத்தனர். சிறிய கடனோடு தொடங்கிய சிறிய கடை. நம் சந்திக் கடைக்கு உடன்பிறந்ததென்றே சொல்லலாம். பின்னர் தபால் மூலம் சாமான் அனுப்பத் தொடங்கினர். இணையம் வந்தது, அதிலும் ஏறினர். செயின் றியாக்ஷன் சைக்கிள்ஸ் என்ற பெயரோடு, உலகின் மிகப் பெரிய இணையச் சைக்கிள் கடைகளில் ஒன்றாய் அது வளர்ந்தது. இங்கிலாந்தின் தென்கரையிலே போர்ட்ஸ்மவுத் நகரில் மற்றொரு சைக்கிள் கடை. அதன் வயிற்றிலே 1999இற் பிறந்தது விகிள் என்னும் இணையக் கடை. இரண்டும் 2016இலே ஒன்றாயின.

அவற்றின் பொற்காலத்திலே அவுஸ்திரேலியாவின் சைக்கிள் கடைக்காரர் பட்ட பாடு பெரிது. 1,000 அவுஸ்திரேலிய டொலர் வரையில் வெளிநாட்டிலிருந்து வரும் பொதிக்கு அங்கே விற்பனை வரி இல்லை. உள்ளூரில் வாங்கினால் 10 நூற்றுவீதம். தாங்கள் மொத்தமாக வாங்கும் விலையிலும் குறைவாக இங்கிலாந்திலே சில்லறையில் விற்கின்றார்களே என்று கடைக்காரர் முறையிட்டனர். 2018 யூலை முதலாந் தேதி தொடக்கம் சிறு பொதிக்கும் அவ்வரி விதிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 யூலையிலே 22 யூரோ வரை இருந்த சலுகையை நீக்கிற்று. ஐக்கிய அமெரிக்காவும் 800 டொலர் வரை இருந்த தீர்வைச் சலுகையை 2025 ஓகஸ்ட் 29ஆந் தேதி எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. பெரிய நாடுகளிலும் சந்திக் கடையின் அழுகுரல் கேட்டிருக்கின்றது என்பதற்காக இவற்றைச் சொன்னேன்.

அந்தப் பெருங்கடைக்கு என்ன நேர்ந்தது? 2020இல் நோய்க்கு அஞ்சி உலகம் வீட்டுக்குள் இருந்த காலத்திலே சைக்கிளுக்கு எங்கும் கிராக்கி. செயினும் பற்சில்லும் கிடையாமற் போயின. தொழிற்சாலைகள் இரவு பகலாகச் செய்தன. கடைகள் அளவின்றி வாங்கிக் குவித்தன. அதன் பின் கிராக்கி விழுந்தது. குவித்தது குவித்தபடி இருந்தது. அதற்கிடையில் அந்தக் கடையைச் சிக்னா என்னும் நிறுவனக் கூட்டம் வாங்கியிருந்தது. அதன் தலைமை, ஒஸ்திரியாவிலே நிலமும் கட்டடமும் வாங்கி விற்கும் நிறுவனம். 2023 ஒக்ரோபரிலே, தருவதாக வாக்களித்திருந்த 150 மில்லியன் யூரோவைத் தரமாட்டேன் என்று தலைமை கைவிரித்தது. அந்த மாதமே கடை நிருவாகிகளின் கையிற் போயிற்று. அடுத்த ஆண்டிலே பெயரை மாத்திரம் வேறொரு வணிக நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. பலினூரில் யாரோ இருவர் வைத்த கடை, வியன்னாவிலே யாரோ கட்டிய மாளிகைகளின் கணக்கினால் விழுந்தது. பாடுபட்டு உழைத்த தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் வீட்டுக்குப் போயினர். நம் அண்ணை தம் கணக்கை ஒற்றை ரூல் கொப்பியில் எழுதுகின்றார். விழுந்தாலும் தம் கணக்கினாலேயே விழுவார்.

இவ்விடத்திலே என் சொந்தக் கருத்தொன்றைச் சற்று உறைப்பாகவே சொல்வேன். வெளிநாட்டிலே வாங்குவது குற்றமன்று. வேறொன்று நடக்கின்றது, அது குற்றம். சைக்கிளைச் சந்திக் கடையிலே நிறுத்துகின்றனர். 'என்ன பிழை அண்ணை?' என்று கேட்கின்றனர். அவர் கழற்றி, பார்த்து, இன்னது தேய்ந்தது, இன்ன அளவு வேண்டும் என்று சொல்கின்றார். பொருளைக் காட்டியும் விடுகின்றார். உடனே அதைப் படம் பிடித்துக்கொண்டு, 'பிறகு வாறன்' என்று போய், அவ்வளவையே கடல் கடந்த கடைக்குக் கொடுத்து வாங்குகின்றனர். ஒரு மாதங் கழித்து அதே பொருளோடு வந்து, 'இதைப் பூட்டித் தாங்கோ' என்கின்றனர். இதைக் காணும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது நம் தொழில். வகுப்பிலே வாய்நோவச் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர். அதையே அச்சிட்ட குறிப்பாகக் காசுக்கு விற்பவர் வேறொருவர். பெறுபேறு வந்தபின் படத்தோடு விளம்பரம் போடுபவர் யார் என்பதை வாசகர் அறிவர்.

அறிவுக்கும் விலையுண்டு. புரி 24 அன்று 26 என்று சொல்லும் அறிவை அண்ணை அரை நூற்றாண்டு குனிந்திருந்து சம்பாதித்தார். அதற்கு நாம் விலை கொடாமையாலே அவர் அதனைச் செயினின் விலைக்குள்ளே ஒளித்துவைத்து விற்றார். இப்பொழுது செயின் வேறிடத்தில் விற்கின்றது. ஒளிக்க இடமில்லை.

ஆகவே யான் விஞ்ஞான ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். வழக்கு ஆசிரியர் அறையிலே தீராது. பிரதிவாதி அங்கே இல்லை.

'தம்பி, நீர் போனில் வாங்கும். அண்ணை அளவு சொல்லட்டும். பொருள் கடைக்கு வரட்டும். பூட்டுங்கூலியை முன்னதாகவே பேசிக்கொள்வோம்' என்றேன்.

அண்ணைக்கு முதலிலே பிடிக்கவில்லை. 'நான் என்ன தபாற்காரனே?' என்றார். மாணவனின் சைக்கிள் அப்பொழுது வேம்பிலே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். அவர் பின்சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'தம்பி, நீர் போனில காட்டுறது செருகுற சாதி. இது திருகுற சாதி' என்றார். பின்சில்லிலே பற்சில்லுத் தொகுதி பொருந்துவது இருவகை. ஒன்று குடத்தின் மேலே புரியாலே திருகி ஏறுவது. மற்றொன்று வரிப்பல்லிலே செருகி, மேலே ஒரு வளையத்தால் இறுக்குவது. படத்திலே இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். விஞ்ஞான ஆசிரியர் பேசாமல் திரையைத் தள்ளித் திருகுகிற சாதியைத் தேடினார். அப்பொழுது அண்ணை, கண்ணாடியை மூக்கிலே இறக்கிக்கொண்டு, தாமும் திரையை எட்டிப் பார்த்தார். பழையதைக் கழற்றுவதற்குப் பன்னிரண்டு வரிப்பல் உள்ள ஒரு கருவி வேண்டும். அது தம்மிடம் இல்லை. இதுவரை உளியாலே தட்டித்தான் கழற்றியதாகச் சொன்னார். கருவியும் அதே கடையிலே இருந்தது. அதற்குரிய காசைத் தாமே மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

பொதி வர நாலு வாரமும் மூன்று நாளும் சென்றன. அந்நாட்களில் மாணவன் கடையிலிருந்த வேறொரு பின்சில்லை இரவலாகப் பூட்டிக்கொண்டு வந்தான். பொதி பிரிக்கும்போது கடையிலே எட்டுப்பேர் நின்றோம். கருவி பழைய தொகுதியிலே கச்சிதமாக இறங்கியது. அண்ணை ஒரு நீள் குழாயைச் சாவியின் வாலிலே மாட்டி ஒருமுறை அழுத்தப் பழையது கழன்றுவிட்டது. புதியது ஏறிற்று. பூட்டுங்கூலியாக, முன்னே பேசியபடி, ஐந்நூறு ரூபா. ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை.

இப்போது கடைச் சுவரிலே, ரயர்களுக்கு இடையில், இன்னொரு ஒற்றை ரூல் கொப்பி கயிற்றிலே தொங்குகின்றது. வேண்டிய பொருளையும் அளவையும் அதில் அண்ணை எழுதுவார். வெள்ளிக்கிழமை பின்னேரம் விஞ்ஞான ஆசிரியர் அதைப் பார்த்துப் பலருக்கும் ஒன்றாக வாங்குவார். அனுப்புங்கூலி பங்காகின்றது. ரயர், ரியூப், குண்டு, பிறேக் கம்பி ஆகியவற்றை அதிலே எழுதுவதில்லை. அவை கடையிலேயே வாங்கப்படவேண்டும் என்பது விதி. விதியை எழுதியவன் யான். கையெழுத்து நன்றாயிருக்கின்றதென்று அதையும் சுவரிலே ஒட்டியிருக்கின்றார். இதுவரை ஒன்பது பதிவுகள். அவற்றில் ஏழு வந்துசேர்ந்தன. ஒன்று தபாலிலே காணாமற்போய்ப் பணம் திரும்பியது. ஒன்பதாவது பதிவு அண்ணையுடையது: சில்லின் நெளிவு எடுக்கும்போது கம்பிகளின் இழுவையை எண்ணாலே காட்டும் ஒரு கருவி. 'காது கேக்கிறது குறைஞ்சு வருது ஐயா, கம்பியைத் தட்டிப் பாக்கேலாது' என்றார். அது வரும் வாரத்திலே வரக்கூடும்.